ஈரம் காயாத சுவர்

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மீனம்மா புது வீட்டுக் கதவைத் திறந்தது சாம்பிராணி போடத்தான். ஒரு கையில் தூபக்கால், மறு கையில் சாவி. உள்ளறைக்குள் நுழைந்து விளக்கைப் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நேற்று மாலை வரை அந்த நடுச்சுவர் வழவழவென்று இருந்தது. கொழுந்துப் பச்சை. மருமகள் நிஷாந்தி போனிலேயே பார்த்துத் தெரிவு செய்த நிறம். இப்போது அதே சுவரில், முழங்கால் உயரத்திலிருந்து ஆள் தலை உயரம் வரை, அப்பளம் பொரித்த மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

தூபக்காலைத் தரையில் வைத்துவிட்டு ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். பெயிண்ட் தோலாக உரிந்து கையோடு வந்தது. உள்ளே, பெயிண்டுக்கு அடியில் பூசிய வெள்ளைப் புட்டி மாவு குழைந்து கிடந்தது. விரல் நனைந்தது.

"அடி ஆத்தே," என்றாள் மீனம்மா, யாரும் இல்லாத வீட்டில்.

போன வாரம் வரை கூடவே வந்தவர்களுக்கு இந்தச் சுவரின் அருமை தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பேத்தி ஹம்சினி பிறந்து நாற்பதாவது நாள், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையின் ஈரமும் அடுப்புப் புகையும் சேர்ந்து பிள்ளையின் நெஞ்சில் சளியைக் கட்டிவிட்டன. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. 'இனி ஈரமில்லாத இடத்தில்தான் பிள்ளை இருக்கணும்' என்று டொக்டர் சொன்ன அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார் நிஷாந்தியின் அப்பா ஆண்டியப்பன். ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே மகளையும் பேத்தியையும் வேனில் ஏற்றி வட்டவளைக்குக் கொண்டுபோனவர்தான். மாதம் ஐந்தாகிறது. இலங்கையிலேயே மழைக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு அவர் ஈரத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று மீனம்மாவுக்கு எரிச்சல் வராமல் இல்லை. ஆனால் அவர் வீட்டுக்குப் பலகைச் சீலிங் உண்டு. லயத்துக்கு ஓட்டைத் தகரம்தான் உண்டு.

லயத்துக்குக் கீழே ஏழு பேர்ச் காணியில் புது வீடு எழும்பியதும் ஆண்டியப்பன் ஒரு பேச்சு வைத்தார். "வெள்ளிக்கிழம நானே வந்து சுவர்ல கைய வச்சுப் பார்ப்பேன். காஞ்சிருந்தா ஞாயித்துக்கிழம புள்ளயோட கூட்டியாறேன். இல்லேன்னா மாப்பிள்ள நம்ம வீட்டுக்கு வந்திரட்டும். ஹட்டன்ல ஆட்டோ ஓட்டலாம்."

அந்த வெள்ளிக்கிழமை இன்றைக்குத்தான்.

மகன் போய்விடுவான், பேத்தி வரமாட்டாள். மீனம்மாவுக்கு இந்த ஐந்து மாதமும் இருந்த பயம் இதுதான். பெற்றது ஒன்றே ஒன்று, அந்த ஒன்றுக்கும் ஒன்றே ஒன்று.

---

மகன் வினோஜன் வந்து பார்த்தான். பிறகு சுவரில் ஓங்கி ஒரு அறை விட்டான். நாலு கொப்புளம் ஒன்றாக உடைந்து தரையில் விழுந்தது.

"இது எப்படிம்மா? வெளிச்சுவர்னாக்கூட மழ அடிச்சிருக்கும்னு சொல்லலாம். இது வீட்டுக்கு நடுவுல இருக்க சுவரு. இந்தப் பக்கம் ரூம், அந்தப் பக்கம் ஹோல். தண்ணி எங்க இருந்து வந்திச்சு?"

"மேல கூரையில..."

"கூரையப் பாருங்க. பொட்டு ஈரம் இருக்கா?"

இல்லை. சுவரின் மேல்பாதி நன்றாகத்தான் இருந்தது. மற்ற மூன்று சுவர்களும் கண்ணாடிபோல் மின்னின. இந்த ஒரு சுவருக்கு மட்டும், அதுவும் ஆள் கைக்கு எட்டுகிற உயரம் வரைக்கும், என்னமோ ஆகியிருந்தது.

"லோஜன்தான்," என்றான் வினோஜன். "அவன்தான் என்னமோ பண்ணியிருக்கான். கூட்டாளின்னு நம்பிப் பெயிண்ட் வேலையக் குடுத்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்."

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அவன் குரல் மேல் லயம் வரைக்கும் கேட்டது. இவன் கோபம் அப்படித்தான். அப்பனைப் போல உள்ளுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது.

மீனம்மா உரிந்த பெயிண்டைக் கூட்டி அள்ளினாள். கொட்டுவதற்காக வீட்டின் பின்பக்கம் போனாள். அங்கே தண்ணீர்த் தாங்கிக் குழாயில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது சுண்ணாம்பு அடிக்கிற ஒரு நார் மட்டை.

அவளுக்கு அந்த மட்டையைத் தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும். பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும். வேலை முடிந்ததும் அலசி, நுனி கீழே பார்க்கத் தொங்கவிட்டால்தான் நார் வளையாது என்பது அவள் புருஷன் கந்தப்பனின் சட்டம்.

தோட்டத்தில் ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் லயங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் ஆட்களில் கந்தப்பன் தலையாள். நீலம் கலந்து அவர் அடித்த வெள்ளை, அடுத்த டிவிசனிலிருந்து பார்த்தாலும் தெரியும் என்பார்கள். 'வெள்ளைக் கந்தப்பன்' என்றே அவருக்குப் பேர்.

மட்டையைத் தொட்டுப் பார்த்தாள். நாருக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. சுண்ணாம்பில்லை. புட்டித் தூள்.

மீனம்மா அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை விடியற்காலை. அவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் வெளியிலிருந்து வந்தார். ஸ்வெட்டர் கை இரண்டும் முழங்கை வரை நனைந்திருந்தது. கேட்டதற்கு, "பீலித் தண்ணியில மூஞ்சி கழுவினேன்," என்றார். மூஞ்சி கழுவுகிறவர் முழங்கை வரையா நனைப்பார்? அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நேரமாகியிருந்தது.

அதற்கும் முதல் நாள், செவ்வாய்க்கிழமை, 'பேத்திய எந்தப் பக்கம் படுக்க வைக்கப் போறீங்க?' என்று கேட்டார். 'நடுச்சுவர் ஓரமா,' என்று சொன்னவளும் அவள்தான். ஜன்னல் பக்கம் பனிக்காற்று வரும் என்று.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. புட்டி பூசித் தேய்த்து முடித்த சுவரைத் தடவிப் பார்க்கக் கை நீட்டிய அப்பாவை வினோஜன் லோஜனுக்கு முன்னால் தடுத்தான். "நீங்க இதுல கை வைக்காதீங்கப்பா. இது லயத்துச் சுவரு இல்ல. உங்க வெள்ளையடிக்கிற வேலையெல்லாம் இங்க வேணாம்."

கந்தப்பன் கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அன்றிலிருந்து மகனோடு பேச்சு இல்லை.

வாசலில் லோஜனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மீனம்மா மட்டையைக் கழற்றினாள். விறகுக் கட்டுக்கு அடியில் செருகி, மேலே சாக்கைப் போட்டு மூடினாள்.

---

லோஜன் கெட்டிக்காரப் பையன். முப்பது வயதிருக்கும். கொழும்பில் பெரிய கட்டடங்களில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். சுவரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"தண்ணி," என்றான். "உள்ளுக்குத் தண்ணி போயிருக்கு. புட்டி ஊறிப்போச்சு. அதுக்கு மேல நான் பெயிண்ட் அடிச்சிருக்கேன்."

"ஏன் அடிச்ச? ஈரச் சுவர்ல ஏன் அடிச்ச?"

"ஈரமா இருக்கலயே வினோ! புட்டி பூசுறதுக்கு முன்னாடி இதே எடத்துல பொலித்தீன ஒட்டி ரெண்டு நாள் விட்டேன். நீயும்தானே பார்த்த? உள்ள ஒரு சொட்டு வேர்க்கல. அம்மா, நீங்களும் பார்த்தீங்கதானே?"

மீனம்மா தலையாட்டினாள். பார்த்தாள்தான். அந்தப் பொலித்தீனைப் பார்க்க அவள் ஒரு நாளைக்கு மூன்று தடவை இறங்கி வந்தாள்.

"அப்ப தண்ணி வானத்தில இருந்து வந்திச்சா?"

லோஜன் நெற்றியைத் தேய்த்தான். "புதன்கிழம காலையில கைய வச்சப்ப கொஞ்சம் குளிரா இருந்திச்சு. பனின்னு நெனச்சேன். அது என் பிழைதான். ஆனா வினோ, யாரோ வாளியில தண்ணி எடுத்து..."

"யாரு? எங்க வீட்டுச் சுவர்ல யாருடா தண்ணி ஊத்துவா? உன் பிழைய மறைக்க அடுத்தவன் தலையில போடுறியா? பெயிண்ட்ல தண்ணிய அளவில்லாமக் கலந்திருக்க. அதுதான் நடந்திருக்கு."

சத்தம் கேட்டு அடுத்த வீட்டுச் சனம் வேலிப் பக்கம் வந்து நின்றது.

"மெதுவாப் பேசு," என்றான் லோஜன். முகம் கறுத்துவிட்டது. "திங்கக்கிழம லிந்துலையில ஒரு வீடு தொடங்கப் போறேன். இந்தப் பேச்சு அங்க போச்சுன்னா என்ன யாரு கூப்பிடுவா?"

"கூப்பிடக் கூடாது. அதுக்குத்தான் சொல்றேன்."

மீனம்மாவின் தொண்டை வரைக்கும் வந்தது. 'அவன விடுடா, உங்கப்பா வேல அது' என்று ஒரு வார்த்தை. சொன்னால் லோஜன் பிழைப்பான். மகனும் அப்பனும் இந்த ஜன்மத்தில் முகம் பார்க்க மாட்டார்கள். அதோடு ஆண்டியப்பன் காதுக்கும் போகும். அவள் வேலிப் பக்கம் நிற்கிறவர்களைப் பார்த்து, "போய் வேலையப் பாருங்களேன்," என்று மட்டும் சொன்னாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

லோஜன் ரோலரையும் தட்டையும் எடுத்துக் கட்டினான். போகும்போது சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

"இவ்வளவையும் சுரண்டி எடுக்கணும். எடுத்திட்டு ஜன்னலத் திறந்து காய விடணும். இந்தக் குளிருக்கு ஆறு கிழமை, ஒண்ணர மாசமாவது போகும். அதுவரைக்கும் இந்த ரூம்ல பிள்ளய வைக்காதீங்கம்மா. சுவரு வேர்க்கும். பூஞ்சணம் பிடிக்கும். அந்தக் காத்து நெஞ்சுக்கு ஆகாது."

அவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டும் பிள்ளையை நினைத்தான். மீனம்மாவால் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

---

மணி பத்தரை. ஆண்டியப்பன் இரண்டு மணி பஸ்ஸில் வந்து இறங்குவார்.

வினோஜன் ஹோலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பிறகு நின்றான்.

"அம்மா, அலுமாரி."

"என்ன அலுமாரி?"

"பெரிய அலுமாரியத் தூக்கியாந்து நடுச்சுவர்ல சாத்திருவோம். கொப்புளம் முழுக்க மறைஞ்சிரும். மாமா மத்த மூணு சுவரையும் தடவிப் பார்த்திட்டுப் போகட்டும். அவங்க வந்ததுக்குப் பொறகு நான் மெதுவா இதச் சரிபண்ணிக்கிறேன்."

"பிள்ள அதே ரூம்லதானடா படுக்கணும்?"

"கொஞ்ச நாளைக்கு ஹோல்ல படுக்கட்டும். ஏதாச்சும் சொல்லிச் சமாளிப்போம். மொதல்ல வரட்டும்மா. அஞ்சு மாசம். என் பிள்ள என்னப் பார்த்தா அழுவுது, யாரோன்னு நெனச்சு. உங்களுக்குத் தெரியுமா அது எப்படி இருக்கும்னு?"

அவன் கண் கலங்கியிருந்தது. மேல் லயத்திலிருந்து அலுமாரியை அவனும் இன்னும் இரண்டு ஆட்களும் சேர்ந்து இறக்கினார்கள். கடைசித் தள்ளு தள்ளும்போது அவளும் தோளைக் கொடுத்தாள். அலுமாரி சுவரோடு போய் ஒட்டியது. இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் ஒரு கொப்புளம்கூடத் தெரியவில்லை. அறை பார்க்க அழகாக இருந்தது, அதுதான் கொடுமை.

வினோஜன் போனை எடுத்து மற்ற மூன்று சுவர்களையும் படம் பிடித்தான். என்னவோ எழுதி யாருக்கோ அனுப்பினான். யாருக்கென்று மீனம்மா கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கந்தப்பன் தலவாக்கலை டவுனிலிருந்து வந்தார். தலையில் ஒரு சின்ன மெத்தை. மஞ்சள் துணியில் முயல் படம் போட்ட மெத்தை. பஸ்ஸில் யார் கையிலும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருப்பார் போல, சட்டையெல்லாம் பஞ்சு. நேரே உள்ளறைக்குப் போனவர், நடுச்சுவர் இருந்த இடத்தில் அலுமாரியைப் பார்த்து நின்றார்.

"இத ஏன் இங்க வச்சீங்க?"

மீனம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். கதவைச் சாத்தினாள்.

"புதன்கிழம விடிய என்ன பண்ணீங்க?"

கந்தப்பன் மெத்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க. மட்டையப் பார்த்திட்டேன்."

"சுவருக்குத் தண்ணி காட்டினேன்," என்றார்.

"எதுக்கு?"

"எதுக்கா? தண்ணி காட்டாம வெள்ள அடிச்சா ஒட்டுமா? காஞ்ச சுவரு எல்லாத்தையும் குடிச்சிரும். பொறவு தொட்டா மாவா கொட்டும். அந்தப் பசங்க தேய்ச்சிட்டுப் போன பொறவு சுவரத் தடவினேன், கை முழுக்க வெள்ளத் தூளு. புள்ள அந்தச் சுவர் ஓரமாப் படுக்கப் போவுது. அந்தத் தூளு மூக்குல போனா என்ன ஆவுறது? அதான் நாலு வாளி எடுத்து மட்டையால நல்லா அடிச்சு விட்டேன். எனக்கு எட்டுற வரைக்கும். அவன்கிட்டச் சொன்னா விடமாட்டான்னுதான் விடிய முந்திப் போனேன்."

மீனம்மாவுக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. சுண்ணாம்புக்கு எது உயிரோ, அதுவே இந்தப் புட்டிக்கு எமன். முப்பது வருஷம் ஒரு சுவர்கூட உரியாமல் வெள்ளையடித்த மனிதர், தன் பேத்திக்கென்று ஆசையாக ஒரு சுவரைக் கவனித்து அதைக் கெடுத்துவிட்டிருக்கிறார்.

"சுவரு கொப்புளிச்சிருச்சு," என்றாள். "அலுமாரிக்குப் பின்னால பூராவும் ஈரம், காய ஆறு கிழமையாகுமாம், அதுவரைக்கும் புள்ளய வைக்கக் கூடாதாம். வினோ லோஜன நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டு அனுப்பிட்டான்."

கந்தப்பனின் முகம் மெல்ல மெல்ல விழுந்தது. மெத்தையை மேசைமேல் வைத்தார். வைத்த கை அதிலேயே இருந்தது.

"லோஜனையா?"

"ஆமா. நானும் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன். இப்ப கேளுங்க. சம்மந்தி வாறாரு. நீங்க ஒரு வார்த்த பேசக் கூடாது. பார்த்திட்டுப் போகட்டும். புள்ள வந்து சேரட்டும். பொறவு எல்லாத்தையும் பார்த்துக்கலாம்."

அவர் மூலையில் இருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

---

ஆண்டியப்பன் இருபத்தாறு வருஷம் தோட்டத்தில் வேலையாட்களை நடத்தும் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியும், நடையில் பெரட்டுக் களத்தை இன்னும் விடவில்லை. செருப்பை வாசலில் கழற்றி ஒழுங்காக வைத்தார். தேநீரை மறுத்தார். "மொதல்ல வந்த வேல," என்றார்.

ஹோலின் நான்கு சுவர்களையும் உள்ளங்கை வைத்துப் பார்த்தார். நடுச்சுவரின் ஹோல் பக்கத்தில் கை வைத்தபோது மீனம்மாவுக்கு மூச்சு நின்றது. அந்தப் பக்கம் நன்றாகவே இருந்தது. கந்தப்பன் தண்ணீர் காட்டியது பிள்ளை படுக்கும் பக்கத்துக்கு மட்டும்தான்.

உள்ளறைக்குள் போனார். ஜன்னல் சுவர், வாசல் சுவர், பின்சுவர். ஒவ்வொன்றிலும் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அலுமாரிக்கு முன்னால் வந்ததும் அதைப் பாராட்டினார்.

"நல்ல அலுமாரி. பழைய மரமா?"

"ஆமாங்க மாமா," என்றான் வினோஜன். குரல் ஒரு சுருதி ஏறியிருந்தது.

ஆண்டியப்பன் கையைத் தட்டிக்கொண்டார். அவர் சிரிப்பதை மீனம்மா ஐந்து மாதத்துக்குப் பிறகு பார்த்தாள்.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க மாப்பிள்ள. நான் கொஞ்சம் கடுசாப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. எனக்கும் ஒரே பேத்தி. ஆஸ்பத்திரியில அது மூச்சுக்கு இழுத்ததப் பார்த்தவன் நான். ஞாயித்துக்கிழம கூட்டியாறேன்."

மீனம்மாவுக்கு உடம்பெல்லாம் லேசானது. முருகா என்று உள்ளுக்குள் சொன்னாள்.

"சரி, பேத்தி எந்தப் பக்கம் படுப்பா?"

"ஜன்னல் பக்கம் மாமா."

"ஜன்னல் பக்கமா? பனி நேரா நெஞ்சுல அடிக்குமே!" அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கணக்கப்பிள்ளை மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. "அலுமாரிய ஜன்னல் பக்கம் தள்ளிருங்க. காத்தையும் மறைக்கும். பிள்ளய நடுச்சுவர் ஓரமாப் போடுங்க. வாங்க, நானும் ஒரு கை பிடிக்கிறேன். இப்பவே தள்ளிருவோம்."

"வேணாம் மாமா. பாரம். நான் பொறகு ஆளக் கூப்பிட்டு..."

"என்ன பாரம்? நான் தேயிலைச் சாக்கு தூக்காத ஆளா?"

"மாமா, தேத்தண்ணி ஆறுது. மொதல்ல குடிங்க."

"இருக்கட்டும் மாப்பிள்ள." அவர் அலுமாரியின் ஓரத்தைப் பிடித்துவிட்டார். வினோஜன் மறு ஓரத்தைப் பிடித்துச் சுவரோடு அமுக்கிக்கொண்டு நின்றான். மாமனும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம். ஆண்டியப்பனின் சிரிப்பு மெதுவாக மறைந்தது.

"கைய விடு வினோ."

சொன்னது கந்தப்பன். எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. மகனோடு மூன்று நாளாகப் பேசாதவர் பேசிய முதல் வார்த்தை அது. மீனம்மா, "ஏங்க!" என்றாள். அவர் திரும்பவில்லை. வினோஜனின் கையை விலக்கினார். அலுமாரியின் காலில் தன் காலை முட்டுக்கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

உரிந்த சுவர் முழுதாகத் தெரிந்தது. காலையில் இருந்ததைவிட இப்போது மோசம். ஒரு பெரிய தோல் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான்தாங்க சம்மந்தி தண்ணி அடிச்சேன்," என்றார் கந்தப்பன். "சுண்ணாம்புக்கு அடிக்கிற மாதிரி அடிச்சேன். இதுக்கு அது கூடாதுன்னு எனக்குத் தெரியாது. அந்த லோஜன் மேல ஒரு பிழையும் இல்ல. இவன் மேலயும் இல்ல. ஆறு கிழமைக்கு இந்த ரூம்ல புள்ளய வைக்கக் கூடாது. வச்சா நெஞ்சுல மறுபடி சளி கட்டும். நீங்க இத மறைச்ச சுவரப் பார்த்திட்டுச் சரின்னு போறத நான் பார்த்துக்கிட்டு நிக்க முடியாது."

வினோஜன் அப்பாவைப் பார்த்தான். கேட்டதை அவனால் விழுங்க முடியவில்லை. "நீங்களா?" என்றான். "நீங்களாப்பா? நான் காலையில அவன... ஊர் முன்னாடி..."

"ஆமா. போய் அவன் காலப் பிடிக்க வேண்டியது நான்தான். நான் போறேன்."

"மட்டைய ஒளிச்சு வச்சது நானு," என்றாள் மீனம்மா. சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. "அலுமாரியத் தள்ளுனதும்தான்."

ஆண்டியப்பன் சுவரருகே போனார். தொங்கிய தோலை விலக்கி உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்தார். கந்தப்பனைத் திட்டுவார் என்று மீனம்மா காத்திருந்தாள். அவர் வினோஜனைப் பார்த்துத்தான் பேசினார்.

"உங்கப்பா தெரியாமச் செஞ்சாரு. அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ தெரிஞ்சு மறைச்ச. என் பேத்தி படுக்குற சுவர என்கிட்ட மறைச்ச." 'மாப்பிள்ள', 'நீங்க' என்ற மரியாதையெல்லாம் போய்விட்டிருந்தது. "ஆறு கிழமையும் இல்ல, ஆறு மாசமும் இல்ல. நீ ஒரு பொய் சொல்லுவன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. இனி எந்தச் சுவரத் தடவினாலும் என் கைக்கு நம்பிக்க வராது. பிள்ள அங்கயே இருக்கட்டும். உனக்கு இஷ்டம்னா வா."

செருப்பைப் போடப் போனார். யாரும் தடுக்கவில்லை. தடுக்க யாருக்கு முகம் இருந்தது?

அந்த நேரம் வினோஜனின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. உடனே குசினி மேசையில் மீனம்மாவின் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். பழக்கத்தில் இப்போதும் அதையே அழுத்திவிட்டாள்.

"மாமி!" நிஷாந்தியின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. பின்னால் ரயில் சத்தம். "மாமி, அப்பா அங்கதான் இருக்காரா? அவர்கிட்டச் சொல்லாதீங்க. நான் ரயில்ல வாறேன். கொட்டகலை தாண்டியாச்சு."

வாசலில் ஒரு செருப்பைப் போட்டிருந்த ஆண்டியப்பன் அப்படியே நின்றார்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டு ஏறிட்டேன் மாமி. ஞாயித்துக்கிழம வரைக்கும் என்னால இருக்க முடியல. உங்க மகன் போட்டோ அனுப்பினாரே, சுவரு நல்லாக் காஞ்சிருச்சுன்னு. எவ்வளவு வடிவா இருக்கு அந்தப் பச்ச! பார்த்ததும் பையக் கட்டிட்டேன்."

வினோஜன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"பாப்பாவுக்குக் காலையில இருந்து லேசா மூக்கு ஒழுகுது. வேற ஒண்ணுமில்ல. வந்ததும் சூடாப் படுக்கப் போட்டாச் சரியாயிரும். நடுச்சுவர் ஓரமா எதையாச்சும் விரிச்சு வைங்க மாமி. கேக்குதா? நடுச்சுவர் ஓரமா."

நிஷாந்தியின் குரலுக்குப் பின்னால் பிள்ளை இருமியது. சின்ன இருமல்தான். இரண்டு தடவை.

மேசையில் முயல் படம் போட்ட மெத்தை கிடந்தது. அறைக்குள் உரிந்த சுவர். மேலே லயத்தில் ஓட்டைத் தகரம். தலவாக்கலை ஸ்டேசனுக்கு ரயில் வர இன்னும் அரை மணித்தியாலம்கூட இல்லை. நாலு பேரும் மீனம்மாவின் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமி? கேக்குதா மாமி?"

"கேக்குதும்மா," என்றாள் மீனம்மா. "விரிச்சு வைக்கிறேன்."

காலையிலிருந்து அவள் செய்ததெல்லாம் வாயைத் திறக்காமல் செய்தது. வாயைத் திறந்து சொன்ன முதல் பொய் அதுதான்.